ஜாக் மோனோ: ஒரு சரித்திரச் சுருக்கம்

அறிவுத் துறையிற் புகழெய்திய பெரியோரின் சரித்திரங்களைப் படிக்குங்கால், அவர்கள் கண்டறிந்த உண்மைகளையே நாம் பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றோம். அவ்வுண்மைகளை அடைதற்பொருட்டு அவர்கள் கைவிட நேர்ந்த கொள்கைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரெஞ்சு தேசத்து உயிர்நூல் அறிஞராகிய ஜாக் மோனோவின் வாழ்க்கை இவ்விரண்டையும் ஒருங்கே காட்டவல்லது. உயிரணுவினுள் இருக்கும் மரபணுக்கள் எப்பொழுது தொழிற்பட வேண்டும், எப்பொழுது அடங்கியிருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ஏற்பாட்டை முதன்முதல் தெளிவுறக் காட்டியவருள் அவர் ஒருவர். புரதமாக மாறாத ஆர்.என்.ஏ. என்னும் பொருளைப் பற்றியும், அதனால் விளையும் நோய்களைப் பற்றியும் இன்று நடைபெறும் ஆராய்ச்சியின் தோற்றுவாயை நாடிச் செல்வோர், அவர் பெயரைக் காணாமல் திரும்ப இயலாது. ஆதலின் அவர் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

மோனோ 1910-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 9-ஆம் தேதி பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தையார் லூசியன் மோனோ ஓர் ஓவியர். போதகர், வைத்தியர், ஆசிரியர், அரசாங்க உத்தியோகஸ்தர் எனப் பலரை அளித்த பழைய புரொட்டஸ்டண்டுக் குடும்பத்தில் ஓவியர் ஒருவர் தோன்றியது புதுமையே. அன்னையார் அமெரிக்க ஐக்கிய நாட்டு மில்வாக்கி நகரத்தைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதம் கண்டு மோனோவின் ஒரு கால் மெலிந்தது. எனினும் அவர் வளர்ந்தபின் பாறை ஏறுதலிலும் பாய்மரப் படகு செலுத்துதலிலும் பெருவிருப்பங் கொண்டிருந்தார். குடும்பத்தார் தென்கடற்கரையிலுள்ள கான் நகரிற் குடியேறினர். தந்தையார் டார்வினின் நூல்களை ஊன்றிப் படித்தவர். அவரிடமிருந்தே உயிர்நூலில் மைந்தருக்கு ஆர்வம் பிறந்தது. செல்லோ என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதிலும் அவர் இளமையிலேயே பழகினார்.

1928-இல் மேற்படிப்பின்பொருட்டுப் பாரிஸை அடைந்த மோனோ, 1931-இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். ஆயினும் தம் கல்வி வகுப்பறைகளிலன்றிப் பிரிட்டனி கடற்கரையிலுள்ள ராஸ்காஃப் ஆராய்ச்சி நிலையத்திலேயே தொடங்கிற்று என்பது அவர் கருத்து. ஆங்கு அவர் நால்வரை நண்பராகப் பெற்றார். தெஸ்ஸியே என்பவர் அளவையின் அருமையை உணர்த்தினார். லுவோஃப் நுண்ணுயிர்களின் உலகத்தைக் காட்டினார். எஃப்ருஸ்ஸி மரபியலையும், ராப்கின் இரசாயனத்தின் இன்றியமையாமையையும் புகட்டினர். மூத்தோரை அணுகிக் கற்பதால் விளையும் பயனுக்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

1934-இல் அவர் கிரீன்லாந்துக்குச் சென்ற ஆராய்ச்சிக் கப்பலொன்றில் இயற்கைநூல் மாணவராகப் பயணஞ் செய்தார். 1936-இல் மீண்டும் அக்கப்பலிற் செல்ல எண்ணியிருந்தவரை, மரபியல் கற்கும்பொருட்டு அமெரிக்காவுக்கு வருமாறு எஃப்ருஸ்ஸி இணங்குவித்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் அக்கப்பல் ஐஸ்லாந்துக் கரையருகே புயலில் உடைந்து, அதிலிருந்தோருள் ஒருவர் தவிர ஏனையோர் யாவரும் மாண்டனர். கலிபோர்னியாவில் மார்கன் என்னும் மரபியல் மேதையின் ஆராய்ச்சிசாலையை அடைந்த மோனோவோ, அங்கே மரபியலைக் காட்டிலும் இசைக்குழு நடத்துவதிலேயே மிகுதியாக ஈடுபட்டார். இசையையே தொழிலாகக் கொள்ளலாமோ என்றுகூட ஐயுற்றிருந்த காலம் அது. பாரிஸ் திரும்பியபின் 1938-இல் ஒடெத் புரூல் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் கீமே காட்சிசாலையில் நேபாளம், திபேத்து ஆகிய நாடுகளின் கலைச்செல்வத்தை ஆராய்ந்தவர். 1939-இல் இரட்டை ஆண்மக்கள் பிறந்தனர்.

இக்காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி வெளிப்பார்வைக்கு மிகச் சிறியது. பாக்டீரியாக்களுக்கு இரு வகைச் சர்க்கரைகளைக் கலந்து ஊட்டி, அவை பெருகும் வேகத்தை அவர் அளந்தார். குளுகோஸும் பாற்சர்க்கரையும் கலந்த நீரில் அவை முதலிற் குளுகோஸையே உண்டு பெருகுகின்றன. அது தீர்ந்ததும் பெருக்கம் சிறிது நேரம் நின்றுவிடுகின்றது. பின்னரே பாற்சர்க்கரையை உண்டு மறுபடியும் பெருகத் தொடங்குகின்றன. நடுவே நேரும் அவ்விடைவேளை எதற்கு? இக்கேள்வியை மோனோ லுவோஃபிடம் கொண்டு சென்றார். பாற்சர்க்கரையைப் பிளக்கும் நொதியை அவ்வுயிர் எப்பொழுதும் வைத்திருப்பதில்லை, வேண்டும்போது புதிதாக ஆக்கிக்கொள்கின்றது என்னும் பழைய கருத்தொன்றை லுவோஃப் சுட்டிக் காட்டினார். அன்று தொட்டு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் மோனோ அந்த இடைவேளையின் பொருளையே நாடினார். 1941-இல் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூலைச் சொர்பான் சர்வகலாசாலையில் மதித்தவர் சிலரே. இத்தகைய வேலையில் அச்சர்வகலாசாலைக்குச் சிரத்தையில்லை என்று ஆங்கிருந்த அதிகாரி ஒருவர் லுவோஃபிடம் கூறியதாகச் சொல்லப்படுகின்றது.

அப்பொழுது பிரெஞ்சு தேசம் ஜெர்மானியர் வசப்பட்டிருந்தது. மோனோவின் மனைவியார் யூத மரபினர். ஆகவே அவரும் குழந்தைகளும் பாரிஸுக்கு வெளியே மறைந்து வாழ வேண்டியதாயிற்று. மோனோ பகலில் பாக்டீரியாக்களை அளந்தும், ஏனைய பொழுதில் எதிர்ப்புப் படையில் உழைத்தும் வந்தார். இரகசியக் காகிதங்களை, ஆராய்ச்சிசாலைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பாடம் செய்த ஒட்டகச்சிவிங்கியின் கால் எலும்பினுள் அவர் ஒளித்து வைத்ததாகக் கூறுவர். தோழர் சிலர் கைதான பின்னர், பெயரை மாற்றிக்கொண்டும் உறைவிடத்தை மாற்றிக்கொண்டும் திரிந்தார்; சொர்பானை விடுத்துப் பாஸ்டர் ஸ்தாபனத்தில் லுவோஃபின் அறையில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1944 ஆகஸ்டில் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, படை நடவடிக்கைகளை வகுத்தோருள் அவரும் ஒருவர். பின்னர்ச் சேனையிற் பணிபுரிந்தபோதும் படிப்பை விட்டாரல்லர். அமெரிக்கச் சேனையின் நடமாடும் நூல்நிலையம் ஒன்றில், மரபுப் பண்புகளைத் தாங்கும் பொருள் டி.என்.ஏ. என்று காட்டிய ஏவரியின் கட்டுரையை அவர் கண்டெடுத்தார். போர்முனையிலும் அறிவுவேட்கை அடங்காத உள்ளம் அவருடையது.

எதிர்ப்புப் படையில் ஈடுபட்ட காலத்தில் மோனோ பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்தார். யுத்தத்தின் பின் விலகினார். 1948 ஆகஸ்டில் சோவியத்து நாட்டில் லைசென்கோ என்பாரின் கொள்கையே உண்மையென்றும், மெண்டலின் வழிவந்த மரபியல் பொய்யென்றும் அரசாங்க ஆதரவுடன் விளம்பரப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1943-இல், வாவிலோவ் என்னும் பெருந் தாவர அறிஞர் சிறையில் மடிந்திருந்தார். யுத்தத்தில் ஜெர்மானியரை வென்ற சோவியத்து நாட்டின்மீது பிரெஞ்சு அறிஞர் பலர் அப்பொழுது பெருமதிப்பு வைத்திருந்தனர். மோனோவின் பழைய தோழர் பலரும் அக்கட்சியினரே. ஆயினும் அவர் 1948 செப்டம்பரில் கொம்பா என்னும் தினசரியில் லைசென்கோவின் கொள்கையைக் கண்டித்து எழுதினார். உண்மையைப் பரிசோதனை நிர்ணயிக்க வேண்டுமேயன்றி அரசாங்கம் நிர்ணயித்தல் ஆகாது என்பது அக்கட்டுரையின் சாரம். இதனால் நண்பர் சிலரை அவர் இழந்தார். எழுத்தாளர் ஆல்பெர் காமுவின் நட்பை அவர் பெற்றதும் இக்காலத்திலேயே.

பிறர் கொள்கையைப் பரிசோதனையின் முன் நிறுத்துவது அரிதன்று. தம் கொள்கையை அவ்வாறு நிறுத்துவதே அரிது. மோனோவுக்கு அச்சோதனையும் நேர்ந்தது. பாஸ்டர் ஸ்தாபனத்தின் மாடித்தட்டில், நெருக்கமான அறைகளில், அவர் குடல்வாழ் பாக்டீரியாவாகிய எஸ்செரிக்கியா கோலையை ஆராய்ந்து வந்தார். பாற்சர்க்கரை உள்ளே புகுந்ததும் அதுவே நொதி ஆக்கத்தைத் தூண்டுகின்றது என்பது அவர் எண்ணம். சர்க்கரை இல்லாதபோதும் ஓயாமல் நொதியை ஆக்கும் பிறழ்ந்த வகைகள் சில உண்டு. அவை தூண்டும் பொருளைத் தமக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளுகின்றன என்று அவர் கருதினார். அதே மாடித்தட்டின் மறுகோடியில் ஃபிரான்ஸ்வா ஜாகோப் என்பவர் பாக்டீரியாக்களின் புணர்ச்சியை ஆராய்ந்து கொண்டிருந்தார். யுத்தத்திற் படுகாயமுற்று அறுவைச் சிகிச்சையாளராகும் ஆசையை இழந்து, முப்பது வயதையெட்டும் பருவத்தில் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். இவ்விருவரும், கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆர்தர் பார்டீயும் 1957-இல் ஒன்றுகூடினர்.

அவர்கள் செய்த பரிசோதனை இது: நொதியை ஆக்கும் மரபணுவும், அதனை ஆளும் மரபணுவும் பழுதின்றி உள்ள பாக்டீரியாவிலிருந்து, அவ்விரண்டும் பழுதான பாக்டீரியாவுக்கு அம்மரபணுக்களைப் புகச்செய்தனர். பாற்சர்க்கரை சிறிதும் இல்லை. மோனோவின் எண்ணப்படி, தூண்டும் பொருளைப் பெறுவதே நொதி ஆக்கத்திற்குக் காரணமாயின், ஆளும் மரபணு வந்து சேர்ந்ததால் நிலைமை மாறுதற்கு இடமில்லை. நடந்ததோ வேறு. புகுந்த மரபணு உடனே நொதியை ஆக்கத் தொடங்கிற்று. சில நேரங் கழித்து அவ்வாக்கம் நின்றுபோயிற்று. பாற்சர்க்கரையை ஒத்த பொருளை இட்டவுடன் மீண்டும் தொடங்கிற்று. ஆளும் மரபணு ஏதோ ஓர் அடக்கும் பொருளை உண்டாக்குகின்றது, அது சேர்ந்து பெருகியபின் நொதியின் மரபணுவை அடக்கிவிடுகின்றது, சர்க்கரை செய்வது அவ்வடக்கத்தை நீக்குவதே என்பது புலனாயிற்று. சர்க்கரை தூண்டுகோல் அன்று. தாழ்ப்பாளைத் திறக்கும் திறவுகோலே. பல்லாண்டு பேணிய தம் கருத்தை மோனோ கைவிட்டார். இவ்வாராய்ச்சி 1959-இல் வெளிவந்தது.

1960-இலும் 1961-இலும் ஜாகோபும் அவரும் வெளியிட்ட கட்டுரைகள் உயிர்நூலின் போக்கையே மாற்றின. மரபணுக்கள் இரு திறத்தன என்றனர்: சில புரதத்தை ஆக்குவன, சில பிறவற்றை ஆள்வன. ஒரே தாழ்ப்பாளின்கீழ் அமைந்த மரபணுத் தொகுதிக்கு ஓபரான் என்று பெயரிட்டனர். மரபணுவின் செய்தியைப் புரதம் ஆக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்லும் தூதுவன், விரைவில் தோன்றி விரைவில் அழியும் ஓர் ஆர்.என்.ஏ. என்றும் உரைத்தனர். அத்தூதுவ ஆர்.என்.ஏ. உண்டென்பதை 1961-இல் இரு குழுவினர் பரிசோதனையால் நிலைநாட்டினர்.

அடக்கும் பொருள் யாது என்னும் வினா எஞ்சியது. புரத ஆக்கத்தைத் தடுத்தபோதும் அஃது உண்டாவதாகத் தோன்றியமையின், 1961-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவரும் அதனையும் ஓர் ஆர்.என்.ஏ. என்றே ஊகித்தனர். எழுத்தோடு எழுத்துப் பொருந்துவதால் ஆர்.என்.ஏ. தன் இலக்கைத் தானே கண்டுகொள்ளும் என்பதும் அவ்வூகத்திற்கு அழகு சேர்த்தது. ஆனால் 1966-இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அப்பொருளைப் பிரித்தெடுத்தபோது, அது புரதம் என்பது ஐயமறத் தெரிந்தது. ஊகம் பிழைத்தது. வேறொரு பொருள் வந்து ஒட்டியதும் தன் வடிவும் தொழிலும் மாறும் புரதங்களைப் பற்றி மோனோ 1963-இலும் 1965-இலும் தம் துணைவருடன் வகுத்த கொள்கைக்கு அடக்கும் புரதமே ஏற்ற சான்றாயிற்று. இவ்வாறு தம் ஊகத்தின் வீழ்ச்சியே தம் மற்றொரு கொள்கைக்கு வலிமையாகக் கண்டார்.

1965-ஆம் ஆண்டின் வைத்திய நோபெல் பரிசு ஜாகோப், லுவோஃப், மோனோ ஆகிய மூவருக்கும் ஒருங்கே அளிக்கப்பட்டது. விஞ்ஞானத் துறையில் அப்பரிசு பிரெஞ்சு தேசத்திற்குக் கிடைத்தது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. 1967-இல் மோனோ கொலேஜ் த ஃபிரான்ஸ் என்னும் புகழ்பெற்ற கழகத்தில் பேராசிரியரானார். 1970-இல் அவர் வெளியிட்ட தற்செயலும் அவசியமும் பற்றிய நூல் பெரும் வாதத்தை எழுப்பிற்று. உலகிற்கு முன்வகுத்த நோக்கமில்லை என்னும் அவர் முடிவைச் சமய நம்பிக்கையுடையோரும் ஏற்றிலர், மார்க்சியரும் ஏற்றிலர். அவர் முடிவோடு முரண்படுவோரும் அவருடைய நேர்மையை மறுத்தாரல்லர்.

அவர் குணத்தை விளக்க மற்றொரு நிகழ்ச்சி போதும். 1956-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்டபின், ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளரான ஆக்னெஸ் உல்மன் அம்மையார் அந்நாட்டை விட்டு வெளியேற விரும்பினார். மோனோ தாமே முன்னின்று இரகசிய ஏற்பாடுகள் செய்தார். 1960-இல் அம்மையாரும் அவர் கணவரும் வண்டியொன்றில் மறைத்து வைக்கப்பட்டு ஆஸ்திரிய எல்லையைக் கடந்தனர். பின்னர் அவ்வம்மையார் பாஸ்டர் ஸ்தாபனத்தில் மோனோவுடன் பணியாற்றினார். குளுகோஸ் உள்ளபோது பிற சர்க்கரைகளின் நொதிகள் அடங்கிக் கிடப்பதை, வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு பொருள் மாற்றவல்லது என்று 1968-இல் இருவரும் கூடிக் காட்டினர். மோனோ தம் இளமையில் எழுப்பிய கேள்விக்கு மற்றொரு பகுதி விடை இவ்வாறு கிடைத்தது.

1971-இல் பாஸ்டர் ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்று, கடன் சுமையால் தளர்ந்திருந்த அந்நிலையத்தை நிமிர்த்தப் பெரிதும் உழைத்தார். 1972-இல் மனைவியார் காலமானார். இரத்த நோயால் நலிவுற்ற மோனோ, 1976 மே மாதம் 31-ஆம் தேதி, தாம் வளர்ந்த கான் நகரில் அறுபத்தாறாம் வயதில் மறைந்தார்.

மோனோவின் சரித்திரம் ஆண்டு முடிந்தது; அவருடைய பிழைத்த ஊகத்தின் சரித்திரம் முடியவில்லை. 1984-இல், அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அதே எஸ்செரிக்கியா கோலையில், ஒரு புரதத்தின் தூதுவ ஆர்.என்.ஏ.வோடு இணைந்து அதனை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. ஒன்று கண்டறியப்பட்டது. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகிய இருவரின் ஆராய்ச்சிசாலைகள் மேலும் வியக்கத்தக்க செய்தியை வெளியிட்டன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் வளர்ச்சியில், ஒரு மரபணு எந்தப் புரதத்தையும் ஆக்காமல், 22 எழுத்துக்களே கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்றை மட்டும் ஆக்குகின்றது; அது மற்றொரு மரபணுவின் தூதுவனோடு பொருந்தி அதன் புரத ஆக்கத்தைத் தடுக்கின்றது. இதனைப் புழுவுக்கே உரிய விநோதம் என்று பலர் ஒதுக்கினர். 2000-த்தில் இத்தகைய மற்றொரு குற்றார்.என்.ஏ. மனிதன் உட்படப் பல பிராணிகளிலும் இருப்பது தெரிந்தபின்னரே உலகம் விழித்தது. ஆம்ப்ரோஸும் ரவ்கனும் 2024-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மனிதனுடைய டி.என்.ஏ.வில் புரதங்களைக் குறிக்கும் பகுதி ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே. எஞ்சிய பகுதியிலிருந்து பல்வகை ஆர்.என்.ஏ.க்கள் எழுதப்படுகின்றன, அவற்றுள் எல்லாம் பயனுடையன என்று கூறுதற்கில்லை. எனினும் சிலவற்றின் தொழில் ஐயத்திற்கிடமின்றித் தெளிந்துள்ளது. பெண்பாலாரின் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றை மூடிவைப்பது, 1991-இல் கண்டறியப்பட்ட நீண்ட ஆர்.என்.ஏ. ஒன்றே. இவ்வடக்கம் தவறுமிடத்து நோய் பிறக்கின்றது. முதியோருக்கு வரும் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயில், இரு குற்றார்.என்.ஏ.க்களின் மரபணுக்கள் பெரும்பாலும் அழிந்தோ குன்றியோ போவதை 2002-இல் கண்டனர். அவ்விரண்டும் உயிரணு சாகாமற் காக்கும் புரதமொன்றை அளவிற்குள் வைத்திருப்பன. அவை மறைந்ததும் சாகவேண்டிய உயிரணு சாகாது பெருகுகின்றது. தீங்கு செய்யும் தூதுவனைக் குறிவைத்து அழிக்கும் சிறு ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கி, பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கு அளிக்கவும் 2018-இல் முதன்முதல் அநுமதி கிடைத்தது.

இவற்றையெல்லாம் மோனோ முன்னறிந்தார் என்று கூறுதல் மிகையாகும். அவர் ஊகித்த அடக்கும் பொருள் புரதமாகவே முடிந்தது. பின்னர்க் கண்ட ஆர்.என்.ஏ.க்கள் தொழிற்படும் வகையும் வேறு. ஆனால் ஓர் உயிர் இன்னதாதற்கு அது பெற்றுள்ள மரபணுக்கள் மட்டும் காரணமல்ல, அவற்றை அடக்கியும் விடுத்தும் ஆளும் ஒழுங்கே காரணம் என்பதை அவரும் ஜாகோபும் காட்டாதிருந்தால், ஆளும் ஆர்.என்.ஏ. என்று ஒன்றைத் தேடவும் எவருக்கும் தோன்றியிராது. தெளிவாகச் சொல்லப்பட்ட ஊகம் பிழையாயினும் பிறரால் சோதிக்கப்படும். சோதிக்கப்படுவதால் உண்மைக்கு வழி திறக்கும். மங்கலாகச் சொல்லப்பட்டதோ பிழையென்றும் அறியப்படாது, மெய்யென்றும் அறியப்படாது கிடக்கும்.

மாணவ நண்பர்களே, ஆராய்ச்சிசாலையில் நாம் எதிர்பார்த்த விடை வாராதபோது, அளவையைக் குறை கூறவும், வந்த எண்ணைத் திருத்தி எழுதவும் மனம் விரைகின்றது. அவ்வேளையில் இவ்வறிஞரை நினைவு கூர்தல் நலம். பகைவரின் ஆட்சிக்கும், தோழரின் கட்சிக்கும் பணியாத அவர், ஒரு கண்ணாடிக் குடுவையில் பாக்டீரியாக்கள் காட்டிய சான்றுக்குப் பணிந்தார். அப்பணிவு நம் கல்லூரியின் ஒவ்வோர் ஆராய்ச்சி மேசையிலும் பழகத்தக்கது.